பாம் ஷெல்டரில் இருந்த இன்ஜின்

எங்கள் வீட்டைப் போன்ற அடுக்குமாடி வீடுகளில் பாம் ஷெல்டர் என்று ஓர் அறை உண்டு. சுவர் தடிமன், கதவு இரும்பு, ஜன்னல் கிடையாது. போர் வந்தால் குடும்பத்தோடு உள்ளே போய் உட்கார வேண்டுமாம். போர் வரும்வரை அறையைச் சும்மா விடுவானேன் என்று சிங்கப்பூரில் எல்லோரும் அதில் அரிசி மூட்டையையும் சூட்கேஸையும் பழைய மின்விசிறியையும் அடைத்து வைத்திருப்பார்கள். பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டு பாம் ஷெல்டரில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின் இருந்தது. அதுவும் உடைந்த இன்ஜின். போர் வந்திருந்தால் நானும் என் கணவரும் வெளியே நின்றிருப்போம், இன்ஜின் பிழைத்திருக்கும்.

இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது. மேலே ஒரு பழைய கைலி போர்த்தியிருந்தது. அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் என் முழங்கால் அதில் இடிக்கும். இடித்த வலியில் நான் அதைத் திட்டுவேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் கணவர், தன்னைத் திட்டவில்லை என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து கட்டிய வண்டி அது. சட்டகம் ஒரு பழைய பிரிட்டிஷ் வண்டியுடையது. டேங்க் ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. சீட்டுக்கு ஒரு ஊர், கைப்பிடிக்கு ஒரு ஊர். நாலு திசையிலிருந்து சம்பந்தம் பேசிக் கொண்டுவந்து, சண்டை போடாமல் ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி இருக்கும். காக்கி புக்கிட்டில் ஒரு சீனப் பெரியவரின் பட்டறை மூலையில் ஞாயிறு ஞாயிறாக இருவரும் குனிந்து கிடந்தார்கள். இன்ஜின் அண்ணன் பொறுப்பு, பிரேக், வயர், மற்றதெல்லாம் தம்பி பொறுப்பு. அனுமதிக் காகிதங்களுக்கு அலைந்ததும் தம்பிதான். வண்டி ஓடத் தொடங்கியபோது இரண்டு பேரும் பிள்ளை பெற்றவர்களைப் போல எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

என் கணவர் கப்பல் நிறுவனத்தில் சரக்குக் காகிதங்கள் பார்ப்பவர். கை வேலையில் ஆசை உண்டு, பொறுமையும் உண்டு. அளவு மட்டும் கிடையாது. அது அவர்கள் குடும்ப வழக்கம். எதிலும் ஒரு கை கூடப் போட வேண்டும். சாம்பாரில் பருப்பு கூட, பொங்கலில் நெய் கூட, மொய்க் கவரில் மேலே ஒரு வெள்ளி கூட. அளந்து போடுபவன் கஞ்சன் என்பது அவர்கள் வீட்டு வேதம். நானோ பாலிகிளினிக்கில் மருந்து கொடுக்கும் முகப்பில் வேலை செய்கிறவள். ஒன்று என்றால் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்றால் சாப்பாட்டுக்குப் பின். எங்கள் கல்யாணத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

சமையலறைத் தொட்டியைச் சுற்றி ஒரு முறை தண்ணீர் கசிந்தது. அவர் ஓடிப்போய் ஒட்டும் பசை எடுத்து வந்தார். வெள்ளைச் சிலிக்கான் தீர்ந்திருந்தது. இன்ஜினில் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்கப் பூசுவார்களே, அந்தச் சிவப்புச் சிலிக்கான் கையில் இருந்தது. அதையே பிதுக்கினார். கோடு மாதிரி பூச வேண்டியதைக் கரை மாதிரி கட்டினார். ஒழுகல் நின்றது, உண்மைதான். ஆனால் இன்றைக்கும் எங்கள் தொட்டி வெற்றிலை போட்ட வாய் மாதிரிதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பாத்திரம் கழுவும்போது அந்தச் சிவப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது என் வழக்கம்.

வண்டி சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாங்கி வரை போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் தம்பி தன் நண்பர்களோடு கோத்தா திங்கி வரை போக வண்டியைக் கேட்டார். அண்ணன் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். மதியம் தொலைபேசி வந்தது. நெடுஞ்சாலையில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு ஒடிந்து, இன்ஜினின் அடிப்பெட்டியைக் குத்திக் கிழித்திருந்தது. இருந்த எண்ணெய் எல்லாம் தார் சாலையில் கொட்டிவிட்டது. வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்.

பட்டறையில் என் கணவர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எரிந்து கருகிய உலோகம். எண்ணெய் இல்லாமல் ஓடிய இன்ஜின்தான் இப்படி இறுகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தம்பி பக்கத்தில் நின்றார்.

"எண்ணெய் பாத்துட்டுத்தான் எடுத்தேன், அண்ணே."

"ஊர்க் கப்பலுக்கெல்லாம் செக் பண்ற. சொந்த வண்டிக்கு எண்ணெய் பாக்கத் தெரியாதா உனக்கு?"

இதை விட மோசமாக யார் யாரையோ திட்டியிருக்கிறார்கள். ஆனால் என் கொழுந்தனார் துவாஸில் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஒருவர் ஏணியில் கால் வைப்பதற்கு முன் அந்த ஏணியைப் பார்ப்பது அவர் வேலை. எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்கூட அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அந்த மனிதரிடம் போய், நீ பார்க்கவில்லை, பார்த்ததாகப் பொய் சொல்கிறாய் என்று சொன்னால் என்ன மிச்சம் இருக்கிறது?  அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கைலியைப் போர்த்தி, இரும்புக் கதவைச் சாத்தினார். திறந்து பார்க்கக்கூட இல்லை. திறந்து பார்க்க என்ன இருக்கிறது, தப்பு யாருடையது என்றுதான் தெரியுமே என்றார்.

இதில் எனக்கு வருத்தம் வந்தது தீபாவளி அன்றைக்கு. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு தீபாவளிக் காலையில் தம்பிக்குத் தலையில் எண்ணெய் வைப்பது அண்ணன்தான். விடிவதற்கு முன் தம்பி குடும்பத்தோடு செம்பவாங்கிலிருந்து வந்துவிடுவார். பெரிய ஆள், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் குட்டி முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிவார். என் கணவர் நல்லெண்ணெயை உள்ளங்கை நிறைய எடுத்து உச்சியில் வைப்பார். அங்கேயும் ஒரு கை கூடத்தான், காது வழியாக வழியும். அந்தச் சண்டைக்குப் பிறகு வந்த இரண்டு தீபாவளியிலும் முக்காலி காலியாக இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு என் கணவர் வாசலையே பார்த்தார். தம்பியைக் கூப்பிடவும் இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவருக்குச் சதை ஆடியது, வாய்தான் ஆடவில்லை.

மூன்றாவது தீபாவளி நெருங்கியபோது என் முழங்கால் மறுபடியும் இடித்தது. நான் இறுதியாகச் சொல்லிவிட்டேன். ஒன்று அந்த இன்ஜினைப் பிரித்துச் சரி செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய சாமான் எடுக்க வருகிற காராங்குனி வண்டியில் அதைப் போடுவேன், கைலியோடு சேர்த்து. அவர் என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்துகொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்தார்.

பிரிக்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். பெரிய பாகங்கள் முறுக்கு டின்களில் போயின. திருகுகளும் சின்ன வளையங்களும் என் அஞ்சறைப் பெட்டியில் போயின. கடுகு இருந்த கிண்ணத்தில் திருகு, சீரகம் இருந்த கிண்ணத்தில் வாஷர். அப்படித்தான் அவருக்கு எது எந்த இடம் என்று நினைவிருக்குமாம். நான் கடுகைத் தேடி அலைந்தேன். மேலே இருந்த சிலிண்டரைத் தூக்கினார், உடைந்த தண்டை எடுத்தார், கடைசியில் அடிப்பெட்டியை இரண்டாகப் பிரித்தார். அடியில் எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புகிற பம்ப் இருக்கிறது. அதன் வாயில் டீ வடிகட்டி மாதிரி ஒரு சின்ன வலை. அந்த வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

நான் தொட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று திரும்பினேன். வலை முழுக்கச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வலையைத் தாண்டிப் போகிற துளைக்குள்ளும் ஒரு சிவப்புக் கட்டி, அளவெடுத்துச் செய்த தக்கை மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் அந்தக் கட்டியைப் பார்த்தேன். பிறகு என் தொட்டிக் கரையைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். என் கணவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு விளக்கம் தேவையில்லை. இன்ஜினை முதல்முறை கட்டியபோது, கசியக் கூடாது என்று அவர் சிலிக்கானை ஒரு கை கூடப் போட்டிருக்கிறார். பெட்டியின் இரண்டு பாதியும் சேர்ந்து இறுகும்போது மிச்சம் உள்ளே பிதுங்கியிருக்கிறது. சாங்கிக் காப்பிக்குப் போய் வந்தவரை அது சும்மா இருந்திருக்கிறது. நெடுஞ்சாலைச் சூட்டில் பிய்த்துக்கொண்டு போய் எண்ணெய் வழியை அடைத்திருக்கிறது. எண்ணெய் இருந்தது. தம்பி பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார். அந்த எண்ணெய் போக வழிதான் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அவர் அந்தக் கட்டியைக் குச்சியால் நெம்பி எடுத்து, நான் மாத்திரை போட்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டின்போது சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். 

அன்றிலிருந்து அந்த இன்ஜினுக்கு நடந்த உபசாரத்தை மகாராஜாவுக்கும் செய்திருக்க மாட்டார்கள். அடிப்பெட்டியின் ஓட்டையை அடைக்கக் காக்கி புக்கிட்டுக்கு எடுத்துப் போனார். பட்டறைச் சீனப் பெரியவர் உலோகத்தை உருக்கி ஊற்றித் தேய்த்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் செய்தார். சிலிண்டரின் உள் சுவரில் கீறல். அதைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் வரவழைத்தார். ஜாலான் புசார் கடைகளில் வேகாத வெயிலில் நின்று ஒரு திருகுக்காக ஒரு மதியத்தைச் செலவழித்தார். ஒவ்வொரு துளையிலும் காற்றடித்தார், கம்பி விட்டார், மறுபடியும் காற்றடித்தார். தொலைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினால் முடிகிற வேலைக்கு இந்த மனிதர் ஒரு இன்ஜினையே புதிதாகச் செய்துகொண்டிருக்கிறாரே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சில நாள் வாய்விட்டும் சொன்னேன். அவர் காற்றடிக்கும் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

இதில் என் அடுப்பு வேறு மாட்டிக்கொண்டது. பேரிங் என்கிற உருண்டை வளையம் அடிப்பெட்டியின் குழிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். தட்டி ஏற்றினால் கெட்டுவிடும். பெட்டியைச் சூடாக்கினால் குழி விரியும், பேரிங்கைக் குளிர வைத்தால் சுருங்கும், இரண்டையும் சேர்த்தால் பூப்போல விழும் என்றார். ஆகவே பேரிங் என் உறைபெட்டியில் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் படுத்தது. இன்ஜின் பெட்டி நான் கேக் சுடும் மின்அடுப்புக்குள் போனது. அந்த அடுப்பில்தான் நான் தீபாவளிக்குப் பைனாப்பிள் தார்ட் என்கிற அன்னாசி பிஸ்கட் சுடுவேன். இட்லிப் பானையில் பிஸ்டன் ஆவி பிடித்துக்கொண்டிருந்ததையும் ஒரு நாள் பார்த்தேன். இட்லி வெந்ததா என்று மட்டும் கேட்டேன்.

அந்த மின்அடுப்பை அவர் கழுவித்தான் கொடுத்தார். சோப்பு ஒரு கை கூடவே போட்டுக் கழுவினார். நானும் நம்பித் தார்ட் சுட்டேன். பார்க்க அழகாக வந்தது. வழக்கம்போல் ஒரு டின்னைக் கட்டி என் ஓரகத்திக்கு அனுப்பினேன். ஆண்கள் பேசாமல் இருந்தாலும் எங்களுக்குள் பலகாரப் போக்குவரத்து நின்றதில்லை. இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"அக்கா, தார்ட்ல என்ன போட்டீங்க? வாயில வச்சதும் வொர்க்‌ஷாப் வாசம். பிள்ளைங்க துப்பிட்டாங்க. இவர் மட்டும் ஒண்ண எடுத்து மோந்து பாத்துட்டு, அண்ணன் இன்ஜினத் திறந்துட்டாருன்னு சொன்னாரு. டின்னு முழுக்க அவரே சாப்பிட்டாரு, அக்கா. அப்பறம் போனப் பக்கத்துலயே வச்சிட்டு உக்காந்திருக்காரு."

 தம்பி முட்டாள் இல்லை. அண்ணன் இன்ஜினைத் திறந்துவிட்டார் என்றால் உள்ளே என்ன இருந்ததென்று பார்த்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். தான் எண்ணெய் பார்த்தது தனக்குத் தெரியும். ஆகவே அழைப்பு வரும் என்று உட்கார்ந்திருக்கிறார். முதல் இரண்டு வருடம் அண்ணனுக்கு உண்மை தெரியாது, போகட்டும். இனிமேலும் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

அந்த வாரம் தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்காவுக்குப் போனோம். சிராங்கூன் சாலையில் மேலே விளக்குத் தோரணம், கீழே மனிதத் தலைகள். முறுக்கு விற்கிறவரும் மருதாணி போடுகிறவரும் ஒருவரை ஒருவர் மிஞ்சக் கூவிக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடையில் என் கணவர் பெரிய நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கூடையில் வைத்தார். நான் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுச் சின்ன பாட்டிலை எடுத்தேன். மகள் மெல்பர்னில் படிக்கிறாள், வீட்டில் இருப்பது இரண்டு தலை, அதில் ஒன்று பாதி வழுக்கை, இதுவே அதிகம் என்றேன். அவர் அந்தப் பெரிய பாட்டிலையே பார்த்தபடி நின்றார். பின்னால் வரிசை சேர்ந்தது.

"வண்டியை ரெடி பண்ணி லாரில ஏத்தி அவன் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். சாவியும் சேத்து. அவனே வச்சிக்கட்டும். அவனுக்குப் புரியும்."

"ஏங்க, அவர் வண்டியா கேட்டாரு? எண்ணெய் பாத்தேன்னு சொன்னாரு, நீங்க நம்பல. அதத்தான் நீங்க திருப்பிக் குடுக்கணும். அத லாரில ஏத்த முடியாது."

பின்னால் நின்ற அம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன புரிந்ததோ, அவரும் தலையை ஆட்டினார். என் கணவர் பெரிய பாட்டிலை எடுத்துக் கூடையில் வைத்தார். இந்த முறை நான் தடுக்கவில்லை.

கடைசியாக அடிப்பெட்டியின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் நாள் வந்தது. சிலிக்கான் பூச வேண்டும். அவர் குழாயின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு என்னிடம் நீட்டி, நீயே போடு என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய கௌரவம் அது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தைகளுக்கு மருந்தை ஊசிக்குழலில் அளந்து காட்டும் கை என்னுடையது. விளிம்பு முழுக்க நூல் கனத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். இது போதுமா, கசியாதா, இன்னும் கொஞ்சம் என்று அவர் வாய் வரை மூன்று முறை வந்தது. நான் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். பெட்டி சேர்ந்தது, திருகுகள் இறுகின, ஒரு சொட்டு உள்ளேயும் பிதுங்கவில்லை, வெளியேயும் கசியவில்லை.

வண்டியில் இன்ஜினைப் பொருத்திக் காக்கி புக்கிட்டில் முதல்முறை உதைத்தபோது அது இருமியது. அடுத்த முறை பட்டென்று பிடித்துக்கொண்டு, நிதானமாக, பெரிய மனிதர் நடக்கிற மாதிரி அடிக்கத் தொடங்கியது. பட்டறைப் பெரியவர் கட்டை விரலைக் காட்டினார். என் கணவர் சிரிக்கவில்லை. மேல் மூடியைத் திறந்து எண்ணெய் மேலே வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அப்போதும் முகம் தெளியவில்லை. இனிமேல் செய்ய வேண்டிய வேலைக்கு அவரிடம் ஸ்பானர் இல்லை.

தீபாவளி அன்று விடிவதற்கு முன் எழுந்து எண்ணெயைச் சுட வைத்தேன். மிளகும் ஓமமும் போட்டுக் கிண்ணத்தில் ஊற்றப் போனபோது, கிண்ணம் வேண்டாம், மூடி போட்ட பாட்டிலில் ஊற்று என்றார். ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். எனக்குப் புரிந்தது. எங்கள் வழக்கப்படி தம்பிதான் அண்ணன் வீட்டுக்கு வர வேண்டும். எண்ணெயைத் தூக்கிக்கொண்டு அண்ணன் தம்பி வீட்டுக்குப் போனதாக அவர்கள் வம்சத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை அவரிடம் நான் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும். தீபாவளியும் அதுவுமாகக் குளிக்காமல், பழைய சேலையோடு, ஊருக்கெல்லாம் தெரிய என்னைக் கூட்டிப் போகிறீர்களே என்று மட்டும் திட்டினேன்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து செம்பவாங் வரை நான் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். நாலு ஊர்ச் சம்பந்திகளில் அந்த சீட்டுதான் மாமியார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கைப்பையில் எண்ணெய் பாட்டில் வெதுவெதுப்பாக என் வயிற்றோடு இருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவர் காதைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார். நானும் கேட்டேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

மின்தூக்கிக் கதவு திறந்தபோது கொழுந்தனார் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். கைலி, பனியன், கலைந்த தலை. வண்டி கீழே திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு வந்திருக்கிறார். வாங்க அண்ணி என்றார் என்னிடம். அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சட்டைப் பையில் கையை விட்டு, அந்தச் சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்துத் தம்பி கையில் வைத்தார். அவர் அதை நடைபாதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சிவப்புக் கட்டி. எங்கள் வீட்டுத் தொட்டியை அவரும் பார்த்தவர்தானே.

"நான் போட்டதுதான்டா. எண்ணெய் போற வழிய நான்தான் அடைச்சேன். நீ பாத்த. நான்தான் நம்பல."

"சொன்னேன்ல, அண்ணே."

"சொன்ன. தப்பு என்னுதுடா. மன்னிச்சிரு."

அவ்வளவுதான் பேச்சு. கொழுந்தனார் உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் குளியலறையில் ஏறி நிற்கிற பிளாஸ்டிக் முக்காலியை அவர் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் போட்டு, அதில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். என் கணவர் உள்ளங்கையில் ஊற்றினார். ஒரு கை கூடத்தான், மாற்றவா முடியும். எண்ணெய் உச்சியிலிருந்து வழிந்து நெற்றிக்கு வந்து மூக்கு நுனியில் சொட்டியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தம்பி தலையைத் தூக்காமல் சொன்னார்.

"போதும் அண்ணே. இதுவும் அடைச்சிக்கப் போகுது."

முதலில் சிரித்தது என் ஓரகத்தி. நானும் சிரித்தேன், அழுதேன், எது முன்னால் வந்தது என்று நினைவில்லை. என் கணவரின் கண்ணும் நிறைந்துவிட்டது. இரண்டு கையும் எண்ணெயாக இருந்ததால் அவரால் துடைக்க முடியவில்லை. நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

எண்ணெய் வைத்தால் ஊற வேண்டும், ஊறினால் குளிக்க வேண்டும் என்பது முறை. கொழுந்தனார் எண்ணெய்த் தலையோடு சாவியைக் கேட்டார். ஹெல்மெட் உள்பக்கம் எல்லாம் நாறிப்போகும் லா என்று அவர் மனைவி கத்தினாள். ஒரு ரவுண்டுதான் என்று சொல்லிவிட்டு இறங்கினார். பின்னாலேயே நாங்களும் இறங்கினோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் விடிந்துகொண்டிருந்தது. அவர் ஏறி உட்காரவில்லை. முதலில் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை அமுக்கினார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி, தன் பனியனில் துடைத்து, மறுபடியும் விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோத்தா திங்கிக்குப் புறப்பட்ட காலையிலும் இப்படித்தான் செய்திருப்பார். அதைப் பார்க்க அன்று யாரும் பக்கத்தில் இருந்திருக்கவில்லை.

"அண்ணே, எண்ணெய் இருக்கு."

குச்சியை அண்ணன் பக்கம் நீட்டினார். என் கணவர் நின்ற இடத்திலேயே நின்றார். குனிந்து பார்க்கவில்லை.

"நீ பாத்துட்டேல்ல, போ."